சொல்லவா… செப்பவா… பறையவா?

வைகை அணைக்குப் போயிருக்கிறீர்களா? பூங்காவில் குழந்தைகளை ஓடவிட்டு, பொரித்த மீன் வாங்கித் தின்றுவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். அதில் தப்பில்லை. அடுத்த தடவை மழைக்காலத்தில் போனால் கொஞ்சம் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

காமராஜர் 1959-ம் ஆண்டு ஜனவரி 21-ம் தேதி திறந்து வைத்த அணை இது. 71 அடி வரை தண்ணீரைத் தேக்கலாம். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. சங்கு ஊதும். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக் கரையோர ஜனங்களும் உஷாராகிவிட வேண்டும். 'ஆத்துல எறங்காதீங்க… துணி தொவைக்கப் போகாதீங்க… ஆடு மாட்டை ஓட்டிட்டுப் போகாதீங்க…'

மறுநாள் பேப்பரில் எப்படிப் போடுவார்கள்? 'வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்பட்டது!'

கவனித்தீர்களா? தண்ணீரையும் 'விடு'கிறோம். எச்சரிக்கையையும் 'விடு'கிறோம்! தலைவர்கள் அறிக்கை விடுகிறார்கள். வில்லன் சவால் விடுகிறான். மேனேஜர் டோஸ் விடுகிறார். நம் நண்பர்களில் யாராவது ஒருவர் எப்போதும் கதை விட்டுக்கொண்டே இருக்கிறார். இதே மாவட்டத்தில் இருக்கும் போடிநாயக்கனூரில் ஏலத்தையே ஏலம் விடுகிறார்கள். முதல் ஏலம் ஏலக்காய். இரண்டாவது ஏலம், போர்ச்சுக்கீசியர்கள் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொல்!

அடைத்து வைத்ததைத் திறந்தால் அது விடுவது. மனசுக்குள் தேங்கிக் கிடந்தது வாய்வழியே வெளியேறுவதற்கும் அதே சொல். அணை கட்டிப் பார்த்த ஜனங்களின் மொழி இல்லையா இது!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வாயைத் திறந்து பேசுவது என்ற ஒரே ஒரு காரியத்துக்குத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன? விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். சொல், பேசு, கூறு, மொழி, உரை, செப்பு, பறை, அறை, பகர், இயம்பு, விளம்பு, நவில், நுவல், கிளத்து, கழறு, புகல்… கை விரலும் கால் விரலும் தீர்ந்துவிடும்.

இதையெல்லாம் அந்தக் காலத்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். அதற்காகவே செய்யுளில் எழுதி வைத்த புத்தகங்கள்தான் நிகண்டுகள். திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று வரிசையாக உண்டு. திவாகர நிகண்டில் மொத்தம் பன்னிரண்டு தொகுதிகள். தெய்வத்துக்கு ஒன்று, மக்களுக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று என்று போய், பத்தாவது தொகுதி ஒலிக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1732-ல் வீரமாமுனிவர் வந்து, 'பாட்டாகப் படித்தது போதும், அகர வரிசையில் தேடு' என்று சதுரகராதியைத் தந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகப் பேரகராதியை வெளியிட்டது.

ஆனால் நிகண்டுக்காரரிடம் ஒரு சிக்கல் உண்டு. எல்லாச் சொற்களையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, 'எல்லாம் ஒண்ணுதான்' என்று கையில் கொடுத்துவிடுவார். நிஜத்தில் எல்லாம் ஒன்றா?

'கூறு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தேனி வாரச்சந்தையில் கத்தரிக்காயைச் சின்னச் சின்னக் குவியலாக வைத்து, 'கூறு பத்து ரூவா' என்று விற்பார்களே, அதே கூறுதான். பகுத்துப் பகுத்து வைப்பது கூறு. விஷயத்தைப் பகுத்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசினால் அதுவும் கூறுவது. இதில் கொஞ்சமும் தேறாதவனைத்தான் 'கூறு கெட்டவன்' என்று வைகிறார்கள்.

'பகர்' என்றால் பேசு. சங்கப் பாட்டில் அதற்கு விற்பது என்றும் பொருள். பூ விற்றாலும் பகர்தல், மீன் விற்றாலும் பகர்தல். கூவினால்தானே விற்கும்! 'விளம்பு' என்றாலும் சொல்லுதல்தான். ஆனால் நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீட்டிலும் மலையாளத்துச் சத்தியாவிலும் விளம்பினார்கள் என்றால், இலை போட்டுச் சோறு பரிமாறினார்கள் என்று அர்த்தம். அதே சொல்லிலிருந்து நமக்கு வந்தது விளம்பரம். 'உரை' என்றால் தேய்ப்பது. பொன்னைத் தேய்த்து மாற்றுப் பார்க்கும் கல் உரைகல். சொல்லையும் தேய்த்துப் பார்த்துத் தரம் சொன்னால் அது உரை. 'நவில்' என்பது சொல்லிச் சொல்லிப் பழகுவது. 'கழறு' என்பது நண்பன் தப்பு செய்யும்போது உரிமையோடு கடிந்துகொள்வது. இன்றைக்கு நண்பர்கள் லைக் போடுகிறார்கள், யாரும் கழறுவதில்லை!

ஊர் பேசுவதற்கும் நம் ஆட்கள் தனித்தனி அளவுகோல் வைத்திருந்தார்கள். ஒரு பெண்ணும் பையனும் பழகுவது நாலு பேருக்கு அரசல்புரசலாகத் தெரிந்து, வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் அம்பல். மொட்டு மாதிரி. அதுவே மலர்ந்து ஊரெல்லாம் நாறினால் அலர். மொட்டுக்கும் பூவுக்கும் உள்ள வித்தியாசத்தை வதந்தியிலேயே பார்த்த ஜனங்கள்! இப்போது மதுரைப் பக்கம் இரண்டுக்கும் சேர்த்துப் 'பொரணி' என்ற ஒரே சொல்லில் கணக்கை முடித்துவிட்டோம்.

கம்பம் பள்ளத்தாக்கு இந்த விஷயத்தில் ஒரு அதிசயம். ஒருபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபக்கம் மேகமலையின் தொடர். நடுவில் ஆறு. 1529 வாக்கில் தொடங்கிய மதுரை நாயக்கர் ஆட்சிக்கு முன்னும் பின்னுமாகத் தெலுங்கு பேசுகிறவர்களும் கன்னடம் பேசுகிறவர்களும் கூட்டம் கூட்டமாக இங்கே வந்து குடியேறினார்கள். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து தண்ணீர் மலையைத் தாண்டி இந்தப் பக்கம் விழுந்ததும் பள்ளத்தாக்கு பச்சைப்பசேல் என்றானது. 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. ஆனாலும் இங்கிருந்து தினமும் விடிகாலையில் ஜீப் ஜீப்பாக ஜனங்கள் மலையேறி, அந்தப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் வேலை செய்துவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்புகிறார்கள்.

அப்படி ஒரு ஜீப் டிரைவரோடு கம்பத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயசு இருக்கும்.

''வீட்டுல அம்மாகிட்ட தெலுங்கு சார். பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட கன்னடம். தோட்டத்துல மலையாளம். உங்ககிட்ட தமிழ்'' என்றார் சாதாரணமாக.

''ஒருத்தரைப் பார்த்து 'சொல்லு'ன்னு சொல்லணும்னா எப்படிச் சொல்லுவீங்க?''

சிரித்தார். ''அம்மாவை 'செப்பு'ம்பேன். அண்ணனை 'ஹேளு'ம்பேன். கணக்குப்பிள்ளை சேட்டனைப் 'பறயூ'ம்பேன். நீங்க சொல்லுங்க சார், இன்னொரு டீ சொல்லவா?''

அந்த ஒரு நிமிஷத்தில் அவர் எனக்குத் திறந்து காட்டியது ஒரு பெரிய புதையல்!

தெலுங்குக்காரரின் 'செப்பு' எங்கே இருக்கிறது? நம் தொல்காப்பியத்தில் இருக்கிறது! வினா என்றால் கேள்வி, செப்பு என்றால் அதற்கான பதில் என்று இரண்டையும் ஜோடியாக வைத்து இலக்கணம் எழுதியிருக்கிறார்கள். கன்னடக்காரரின் 'ஹேளு' பழைய கன்னடத்தில் 'பேழ்'. நம் பால் அங்கே ஹாலு, நம் புலி அங்கே ஹுலி, நம் பல் அங்கே ஹல்லு ஆகிற மாதிரி இதிலும் 'ப' போய் 'ஹ' வந்துவிட்டது. பேச்சுக்கு அவர்கள் 'மாத்து' என்பார்கள், தெலுங்கில் 'மாட்ட'. இரண்டுக்கும் சொந்தக்காரன் நம் அகராதியில் இருக்கும் 'மாற்றம்'. அதற்குச் சொல், மறுமொழி என்று ஒரு பழைய பொருள் உண்டு. ஒவ்வொரு தேர்தலிலும் 'மாற்றம் வரும்' என்கிறார்களே… பழைய பொருளில் பார்த்தால், 'வார்த்தை வரும்' என்று அர்த்தம். அதுவும் சரியாகத்தான் இருக்கிறது!

ஒரு பெரிய கூட்டுக்குடும்பம் பாகம் பிரித்துக்கொண்டபோது ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போன மாதிரி, சொல்லுவதற்கு ஒருவர் செப்பை எடுத்துக்கொண்டார், ஒருவர் பேழை எடுத்துக்கொண்டார். மலையாளத்துக்காரர் 'பறை'யை எடுத்துக்கொண்டார். நாம் 'சொல்'லை வைத்துக்கொண்டோம்.

இங்கேதான் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது.

பறை. பழந்தமிழில் இதற்குச் சொல்லு என்பது ஒரு பொருள். சொல்லும் கருவியான தோல்கருவி இன்னொரு பொருள். குமுளியைத் தாண்டினால் குழந்தை அம்மாவிடம் பறையும். புருஷன் பெண்டாட்டியிடம் பறைவான். கோர்ட்டில் ஜட்ஜ் பறைவார். யாரும் நெளிவதில்லை. யாழ்ப்பாணத் தமிழரும் 'என்ன பறையிறாய்?' என்று கேட்பார்கள். குமுளிக்கு இந்தப் பக்கம், மலையிறங்கிக் கம்பத்துக்கு வந்தால்? அதே சொல்லைத் தமிழ் நாக்கு வினைச்சொல்லாகச் சொல்லுவதில்லை. ஏன்?

'அறை' என்ற சொல்லைப் பாருங்கள். அடிப்பதும் அறை. முரசை அடித்து ஊருக்குச் சொல்லுவதும் அறை. மணிமேகலைக் காப்பியத்தின் முதல் காதைக்கே 'விழாவறை காதை' என்றுதான் பெயர். இந்திர விழா வரப்போகிறது என்பதைப் புகார் நகரத்துக்கு அறிவிக்கிற காட்சி. முரசு எங்கே இருக்கிறது? யானையின் பிடரியில்! அதை அடித்துச் சொல்லுகிறவனைத் தொன்மையான குடியில் பிறந்தவன் என்று மரியாதையோடு குறிப்பிடுகிறார் சாத்தனார்.

யானை மேல் இருந்து ஊருக்குச் சேதி சொன்ன அந்த வேலை, எந்தக் கட்டத்திலோ தரையிறங்கி, வெறும் காலோடு தெருவில் நடக்க ஆரம்பித்தது. 'இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்…' சினிமாவில் பார்த்துச் சிரித்திருக்கிறோம். சிரிப்பில்லை. ஒரு குறிப்பிட்ட சேரியில் பிறந்தவர்தான் அதைச் செய்ய வேண்டும், கூலி என்று ஊர் பார்த்துப் போடுவதுதான், மாட்டேன் என்று சொல்ல முடியாது என்பது கிராமத்துச் சட்டம். சாவுச் சேதியா? அவர்தான் போக வேண்டும். கண்மாய் திறக்கிறார்களா? அவர்தான் அடிக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்லுகிற உரிமை அவருடையது. தனக்காக ஒரு வார்த்தை சொல்லுகிற உரிமை மட்டும் அவருக்குக் கிடையாது!

சொல்லும் கருவியின் பெயர் ஒரு ஜாதியின் பெயராயிற்று. அந்த ஜாதியின் மேல் ஏற்றிய இழிவை ஊர் அந்தச் சொல்லின் மேலும் ஏற்றியது. அது கப்பலேறி, 17-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் 'பறையா' என்ற சொல்லாக நுழைந்தது. ஒதுக்கப்பட்டவன் என்று அதற்கு அர்த்தம் எழுதினார்கள். இன்றைக்கும் உலக நாடுகள் எதையாவது ஒதுக்கி வைத்தால் இங்கிலீஷ் பத்திரிகைகள் தயங்காமல் இந்தச் சொல்லை எடுத்துப் போடுகின்றன. 'சொல்லு' என்று பொருள்பட்ட தமிழ்ச் சொல் உலகத்தைச் சுற்றிவிட்டு, 'தள்ளி நில்' என்ற பொருளோடு நிற்கிறது. நாம் மலையாளத்துக்காரர் மாதிரி இயல்பாகப் 'பறை' என்று சொல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்றே எனக்குப் படுகிறது. சொல் தானாகச் சாகவில்லை, நாம் அதைத் தொடாமல் சாகடித்தோம்.

2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, கலெக்டர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அறிவிப்பு செய்ய இனிமேல் தண்டோரா போடக் கூடாது, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதும், மீறி யாரையாவது அதில் ஈடுபடுத்தினால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று. நியாயமான உத்தரவு. எப்போதோ வந்திருக்க வேண்டியது. இப்போது வைகையில் வெள்ளம் வந்தாலும் சங்கும் மைக்கும்தான்.

வேலை ஒழிந்தது நல்லது. கருவி ஒழியவில்லை, அது அதைவிட நல்லது! இன்று சென்னையில், பெங்களூரில், லண்டனில் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்களும் பெண்களும் இடுப்பில் பறையைக் கட்டிக்கொண்டு ஆடப் பழகுகிறார்கள். இதே வைகையை ஒட்டிய மதுரைச் சீமையில், அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 'அறிவிக்கப்பட்டது' என்று நான் எழுதுகிறேன். உண்மையில் 'அறையப்பட்டது' என்று எழுதியிருக்க வேண்டும்!

அணைக்கே திரும்பிப் போவோம். அங்கிருந்து அதிக தூரமில்லை… ஆண்டிப்பட்டி தாலுகாவில், வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்று ஒரு கிராமம். 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் தலைமையிலான குழு அங்கே மூன்று கற்களைக் கண்டுபிடித்தது. மூன்றிலும் தமிழ்-பிராமி எழுத்து. அதற்கு முன் தமிழ்நாட்டில் நடுகல்லில் தமிழ்-பிராமியை யாரும் பார்த்ததில்லை. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஒரு கல் சொல்லும் சேதி இதுதான்: கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்துபோன தீயன் அந்தவனின் கல்.

ஆகோள் என்றால் மாடுகளைக் கவர்ந்து வருவது. தொல்காப்பியம் வெட்சித் திணையில் சொல்லுகிற அதே ஆகோள். புலவரின் ஏட்டில் மட்டும் இருந்த சொல் என்று நினைத்திருந்தோம். மாடு மேய்த்தவர்கள் அதைத் தங்கள் கல்லில் தாங்களே வெட்டி வைத்திருக்கிறார்கள். செத்தவன் ராஜா இல்லை. அவனுக்கு மெய்க்கீர்த்தி இல்லை. கல்லில் இருப்பது சில சொற்கள்தான். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாக அந்தக் கல் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கம்பத்துக்கு அடுத்து இன்றைக்கும் ஒரு கூடலூர் இருக்கிறது. பஸ் கண்டக்டர் இன்றைக்கும் அந்தப் பெயரைக் கூவித்தான் ஆள் ஏற்றுகிறார்.

அதே வெட்சித் திணையில் இன்னொரு சொல் வருகிறது. விரிச்சி. மாடு பிடிக்கப் போகும் முன், ஊர்ப்பக்கம் போய் இருட்டில் காத்து நிற்பார்கள். யாரோ, எதற்கோ, தற்செயலாகப் பேசும் ஒரு வார்த்தை காதில் விழும். 'வந்துருவாங்க', 'கெடச்சிரும்' என்கிற மாதிரி நல்ல வார்த்தையாக இருந்தால் கிளம்புவார்கள். பேசுகிறவருக்குத் தான் சகுனம் சொன்னது தெரியவே தெரியாது! இப்படி, தெரியாமல் சொன்ன நல்ல சொல்லுக்கு ஒரு தனிப் பெயர் வைத்திருந்தது இந்த மொழி. தீயன் அந்தவன் கிளம்பிய ராத்திரியில் அவன் காதில் என்ன வார்த்தை விழுந்திருக்கும்?

இந்த அணைக்காகத் தண்ணீருக்குள் போன ஊர்கள் உண்டு. அந்த ஜனங்களின் பாட்டையும் பேச்சையும் வைத்து வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாசம்' எழுதினார். 2003-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. ஊர் முழுகினாலும் பேச்சு முழுகவில்லை, புத்தகத்தில் கரையேறிவிட்டது. சத்தமில்லாமல் முழுகுகிற ஊர்களும் உண்டு. அவற்றுக்கு 66 அடியில் எச்சரிக்கை கிடையாது, சங்கு கிடையாது.

டீ குடித்து முடித்தபோது அந்த ஜீப் டிரைவரிடம் கேட்டேன்:

''பசங்களும் நாலு பாஷை பேசுவாங்களா?''

''எங்க சார்… பாட்டி பேசுனா புரியும். திருப்பிப் பேச வராது. இங்கிலீஷ் ஸ்கூல்ல படிக்குதுங்க. தமிழே பாதி இங்கிலீஷாத்தான் வருது.''

கொஞ்ச நேரம் க்ளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

''எங்கம்மாவுக்கு இப்ப பேசறதுக்கு வீட்டுல ஆளில்லை சார். நான் ராத்திரி வந்தாத்தான் பேச்சு.''

தெலுங்குச் செப்பும், கன்னட ஹேளும், நம் கழறும் நவிலும் விளம்பும் இப்படித்தான் போகின்றன. யாரும் தடை போடவில்லை. கேட்க ஆளில்லாமல் போகிறது, அவ்வளவுதான். தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல்லுக்குக் கேள்வி கேட்பதும் பொருள், காதால் கேட்பதும் பொருள். நாம் முதலாவதை மட்டும் விடாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

இன்று ராத்திரி டி.வி-யை அரைமணி நேரம் அணைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் பெரியவரிடம் போய் உட்காருங்கள். அவருடைய பாட்டி அவரை எப்படிக் கூப்பிட்டார், எப்படி வைதார், கோபம் வந்தால் என்ன சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் இதுவரை கேட்காத ஒரு சொல்லாவது வரும். அதை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

யார் கண்டது… அதுவே உங்களுக்கு விரிச்சியாக இருக்கலாம்!